இலந்தையின் நெற்றிமுடி

“அவ நெத்தி நாளுக்கு நாள் பெரிசாகிட்டே போகுது, கவனிச்சியா?”

மருத மரத்தின் மேல்கிளையிலிருந்து இந்தப் பேச்சு வந்தது. கீழ்க்கிளையில் இலந்தை என்ற குரங்கு, கன்னத்தில் அடக்கி வைத்திருந்த நாவல்பழத்தை மென்றுகொண்டிருந்தாள். மெல்வதை நிறுத்தினாள்.

பேசியது நுணா. அந்தக் குரலை எந்தக் கூச்சலிலும் இலந்தையால் பிரித்துச் சொல்ல முடியும்.

“ம்ம்” என்றாள் பக்கத்தில் இருந்த பூவரசி. அதற்குள் நுணாவின் குட்டி சிணுங்க ஆரம்பித்தது. மற்றது எதுவும் காதில் விழவில்லை.

யாருடைய நெற்றி என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் அது தன் நெற்றிதான் என்று இலந்தைக்கு உடனே தெரிந்துவிட்டது. இப்படிப்பட்ட பேச்சு காதில் விழுந்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும்.

அது மலையடிவாரக் காடு. நடுவில் ஒரு குளம். குரங்குக் கூட்டம் பகலில் எங்கே திரிந்தாலும், வெயில் சாயும்போது குளக்கரை மருத மரத்துக்கு வந்துவிடும். வந்ததும் ஒருவருக்கொருவர் பேன் பார்ப்பார்கள். பேன் இருக்கிறதா இல்லையா என்பது பெரிய விஷயமில்லை. யார் யாருக்குப் பார்க்கிறார்கள் என்பதுதான் விஷயம். ஒருத்தி தலையைச் சாய்த்தால் இன்னொருத்தி மடியைக் கொடுக்க வேண்டும். மடி கிடைக்காதவர்கள் கிளை நுனிக்குப் போய், வேடிக்கை பார்க்க வந்தவர்கள்போல உட்கார்ந்திருப்பார்கள்.

இலந்தை இப்போதெல்லாம் கிளை நுனியில்தான் உட்கார்ந்தாள்.

முன்பு அப்படி இல்லை. அவளும் நுணாவும் ஒரே நாவல்பழக் காலத்தில் பிறந்தவர்கள். குட்டிகளாக இருந்தபோது, குளத்தின் மேல் நீண்டிருந்த கிளையிலிருந்து தண்ணீரில் குதிப்பார்கள். முதலில் குதிப்பது எப்போதும் நுணா.

“ஆழமா இருக்கா?” என்று இலந்தை மேலிருந்தே கேட்பாள்.

“வந்து பாரு” என்பாள் நுணா. அதற்கு மேல் அவள் எதுவும் சொன்னதில்லை.

குதித்துக் களைத்ததும் பாறையில் ஏறி வெயில் காய்வார்கள். நுணா விரல்களால் இலந்தையின் ஈரத் தலையை நடுவில் வகிடு எடுத்து, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று படிய வைப்பாள். “இப்பதான் பாக்குற மாதிரி இருக்க” என்பாள். பாறை கதகதப்பாக இருக்கும். நுணாவின் விரல்கள் ஈரமாக இருக்கும். இலந்தை அப்படியே தூங்கிப் போவாள்.

அந்த நாட்களில் ஒருமுறை, சந்தைக்குப் போகிற வண்டிக்காரர் ஒருவர் தன் மட்டக்குதிரைக்குத் தண்ணீர் காட்டக் குளத்துக்கு வந்தார். குதிரையின் நெற்றிமுடியை யாரோ கண்ணுக்கு மேலே நேராகக் கத்தரித்து விட்டிருந்தார்கள். தலையை ஆட்டினால் முடி மொத்தமும் சேர்ந்து எழுந்தது, சேர்ந்து விழுந்தது. குட்டிகள் இரண்டும் பழம் தின்பதை மறந்து பார்த்தன.

குதிரை போனதும் நுணா ஈரமான கோரைப்புல்லைப் பிடுங்கி இலந்தையின் நெற்றியில் ஒட்டினாள்.

“நீ குதிரை.”

“அப்ப நீ?”

“நான் வண்டிக்காரன். நட.”

அன்று இருட்டும்வரை குளக்கரையைச் சுற்றி வண்டி ஓடியது.

பிறகு இருவரும் வளர்ந்தார்கள். நுணாவுக்குக் குட்டி பிறந்தது. பார்க்க முதலில் ஓடியது இலந்தைதான். ஆசையோடு கையை நீட்டினாள். நுணா குட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டு பல்லைக் காட்டினாள். இலந்தை கையை மடக்கிக்கொண்டாள். அதன் பிறகு அவள் அந்தக் கிளைப் பக்கம் போகவே இல்லை. நுணாவும் கூப்பிடவில்லை. கூட்டத்தில் இருந்த மற்றவர்களுக்கு ஏற்கெனவே மடிகள் இருந்தன. இலந்தை கிளை நுனியில் உட்கார்ந்து, தன் தலையைத் தானே பார்த்துக்கொண்டாள். முதுகுக்குக் கை எட்டாது. அதனால் கை முன்தலையிலேயே அலைந்துகொண்டிருக்கும்.

இப்போது, எத்தனையோ நாள் கழித்து, நுணா தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது காதில் விழுந்தது. அது நெற்றியைப் பற்றிய வார்த்தையாகப் போயிற்று.

இலந்தை குளத்துக்குப் போய்த் தண்ணீரில் பார்த்தாள். நெற்றி அகலமாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் இது தன் கண்ணில் படாமல் எப்படி இருந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். உச்சி முடியை முன்னால் இழுத்துப் பார்த்தாள். நிற்கவில்லை. காய்ந்த கோரைப்புல்லைக் கொத்தாகப் பிடுங்கி, நெற்றிக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குட்டிக் குரங்கு பார்த்தது. வண்டி இழுக்கத் தயாராக நின்ற குட்டி.

உச்சி முடியை முன்னால் விட்டு, கண்ணுக்கு மேலே கத்தரித்துக்கொண்டால் இந்த முகம் திரும்பி வந்துவிடும். வந்துவிட்டால் நுணா மேலேயிருந்து பார்ப்பாள். பார்த்தால் ஒருவேளை இறங்கி வருவாள்.

ஆனால் வெட்டிய பிறகு நன்றாக இல்லாவிட்டால்? குரங்கு முடி சீக்கிரம் வளராது. அடுத்த மழைக்காலம் வரை அதே தலையோடுதான் மரத்தில் உட்கார வேண்டும். நுணா அதையும் மேலேயிருந்துதான் பார்ப்பாள்.

அதற்குள் தண்ணீர் கலங்கியது. அவள் முகம் துண்டு துண்டாகப் போயிற்று. குளத்தில் கழுத்துவரை அமிழ்ந்து கிடந்த எருமைக்கடா புரண்டு படுத்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்” என்றாள் இலந்தை.

“கேளு” என்றது எருமை. கண்ணைத் திறக்கவில்லை.

“நான் நெத்தியில முடி வெட்டிக்கலாமா?”

“எங்க?”

“நெத்தியில.”

எருமை யோசித்தது. “நெத்தின்னா எது? கொம்புக்கு நடுவுல இருக்கே, அதா?”

“எனக்குக் கொம்பு இல்லண்ணே.”

“அப்ப நெத்தி மட்டும் எதுக்கு?” என்றது எருமை. “எனக்கெல்லாம் ஈ உக்காந்தாத்தான் நெத்தி ஞாபகம் வரும். உனக்கு ஈ தொல்லை இருக்கா?”

“இல்ல.”

“அப்ப விட்டுடு.” சொல்லிவிட்டு எருமை மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு அமிழ்ந்தது.

சரி, விட்டுவிடலாம் என்று இலந்தை நினைத்தாள். அந்த நினைப்போடு மரம்வரை போனாள். மரத்தடியில் மயில் நின்றிருந்தது.

“மயிலு, நான் நெத்தியில முடி வெட்டிக்கிட்டா நல்லா இருக்குமா?”

மயில் கழுத்தைத் திருப்பித் தன் நிழலைப் பார்த்தது. “தலையில ஏதாவது இருந்தாத்தான் ஒரு எடுப்பு. என் கொண்டையவே எடுத்துக்கோ. ஆனா அது எல்லாருக்கும் வருமா? உனக்குன்னு இல்ல, பொதுவா சொல்றேன்.”

“அப்ப வெட்டிக்கலாமா, வேண்டாமா?”

“இந்தப் பக்கமிருந்து பாக்கிறப்ப நல்லா இருக்கா, அந்தப் பக்கமிருந்தா?” என்று கேட்டது மயில். கேட்டது தன் கொண்டையைப் பற்றி.

இலந்தை வந்த வழியே திரும்பினாள். வெட்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அத்தி மரத்தைத் தாண்டும்போது வேண்டாம் என்று தோன்றியது. கோரைப்புல் கொத்தை அவள் இன்னும் கீழே போடவில்லை. ஒவ்வொரு தேங்கிய தண்ணீரிலும் அதை நெற்றியில் வைத்து வைத்துப் பார்த்தாள்.

இதை ஓர் அணில் பார்த்துக்கொண்டே இருந்தது.

அந்த அணிலுக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருந்தது. கூடு கட்டிவிட்டது, உள்ளே மெத்தை மட்டும் பாக்கி. பக்கத்தில் தென்னையும் இல்லை, இலவமரமும் இல்லை. மரப்பட்டையை உரித்துப் போட்டுப் பார்த்தது, அது குத்தியது. இந்த நேரத்தில்தான் மெத்தென்ற உச்சி முடியோடு ஒரு குரங்கு, வெட்டலாமா வேண்டாமா என்று காடெல்லாம் கேட்டுக்கொண்டு போகிறது.

“என்ன கண்ணு, யோசனையா இருக்க?” என்றபடி அணில் இறங்கி வந்தது.

“ஒண்ணும் இல்லக்கா.”

“முடி விஷயந்தானே? நான் பாத்துட்டேன். உனக்கு அம்சமா இருக்கும்.” அணில் அவள் தலையை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. “எவ்வளவு மெத்துன்னு இருக்கு. இந்த முடிய இப்படிப் பின்னால தள்ளி வச்சு வீணாக்குறியே.”

“நெத்தி மறையுமாக்கா?”

“நெத்தி மறையும், முகம் சின்னதாத் தெரியும், வயசு குறையும். வேற என்ன வேணும்?”

“நல்லா இல்லேன்னா?”

“முடிதானே? வளரும்.”

“எங்க கூட்டத்துல கேலி பண்ணுவாங்க.”

“முதல்ல கேலி பண்ணுவாங்க. அப்புறம் எங்கிட்டயே வரிசையில வந்து நிப்பாங்க” என்றது அணில். “என் பல்லப் பாரு. கொட்டைய உடைக்கிற பல்லு. ஒரே நேரா வெட்டிடுவேன். நீ கண்ண மட்டும் மூடிக்கோ.”

இலந்தை கண்ணை மூடவில்லை. மருத மரத்தைப் பார்த்தாள். மேல்கிளையில் நுணாவின் வால் தொங்கிக்கொண்டிருந்தது. குட்டி அதைப் பிடித்து ஊஞ்சல் ஆடியது. இலந்தை கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அணிலின் முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

“வெட்டுங்கக்கா.”

அணில் உச்சி முடியை முன்னால் இழுத்துவிட்டு, வலப்பக்கத்தில் ஆரம்பித்தது. நறுக், நறுக் என்று சத்தம் வந்தது. ஒரு வாய் முடி சேர்ந்ததும், “இதோ வந்துட்டேன்” என்று ஓடும். கூட்டில் வைத்துவிட்டு வரும். மறுபடியும் நறுக். மறுபடியும் ஓட்டம். வலப்பக்கம் முடிந்து நடு நெற்றிக்கு வந்தபோது, “இதோ வந்துட்டேன்” என்று சொல்லிப் போன அணில் வரவில்லை.

இலந்தை கண்ணை மூடியபடியே காத்திருந்தாள். எறும்பு ஒன்று அவள் கால்மேல் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போனது. கடைசியில் கண்ணைத் திறந்து, கூடு இருந்த கிளைக்கு ஏறிப் போனாள். அணில் உள்ளே சுருண்டு படுத்திருந்தது.

“அக்கா, மறுபக்கம்?”

“போதும் கண்ணு. நிறைஞ்சிடுச்சு.”

“என்ன நிறைஞ்சிடுச்சு?”

அணில் பேச்சை மாற்றியது. “ஒரு பக்கமா இருக்கிறதும் நல்லாத்தான் இருக்கு. இந்த வயித்த வச்சுக்கிட்டு என்னால மறுபடி இறங்க முடியாது.” சொல்லிவிட்டு இலந்தையின் முடியிலேயே முகத்தைப் புதைத்துத் தூங்கிப் போனது.

இலந்தை தண்ணீரில் போய்ப் பார்த்தாள். வலப்பக்கம் முடி கண்ணுக்கு மேலே குட்டையாக நின்றது. இடப்பக்கம் மூக்குவரை தொங்கியது. குட்டிக் குரங்கும் அங்கே இல்லை, பழைய இலந்தையும் இல்லை.

வெயில் சாய்ந்தது. கூட்டம் மரத்துக்கு வந்தது. இலந்தை ஓர் இலைக்கொத்துக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்தாள். குரங்குக் கூட்டத்தில் எதை ஒளிக்க முடியும்? சின்னக் குட்டிகள்தான் முதலில் கண்டுபிடித்தன. ஒன்று கீச்சிட்டது. இன்னொன்று தன் காதை ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்து அவளைப்போலவே உட்கார்ந்து காட்டியது.

பூவரசி எட்டிப் பார்த்தாள். “என்னடி இது? கரையான் தின்ன மாதிரி?”

எல்லோரும் சிரித்தார்கள். இலந்தையும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கிளை அசைந்தது. யாரோ இறங்கி வந்தார்கள். திரும்பாமலே அது யார் என்று இலந்தைக்குத் தெரிந்தது.

“திரும்பு” என்றாள் நுணா.

இலந்தை திரும்பவில்லை.

“யாரு வெட்டுனது?”

“அணிலக்கா.”

“அவளுக்குக் கூட்டுக்கு முடி வேணும்னு ஊருக்கே தெரியும். போயும் போயும் அவகிட்டயா தலையக் குடுத்த? யாருடி உன்ன வெட்டிக்கச் சொன்னது?”

“நீதான்.”

“நானா?”

“நெத்தி நாளுக்கு நாள் பெரிசாகிட்டே போகுதுன்னு சொன்னியே. பூவரசிகிட்ட. நான் கீழதான் இருந்தேன்.”

குட்டி நுணாவின் வயிற்றில் தொங்கியபடி இலந்தையின் தலையையே பார்த்தது.

“சொன்னேன்” என்றாள் நுணா. “பெரிசாகிட்டுத்தான் போகுது. நீ பிடுங்குற.”

“என்னது?”

“முடிய. நுனிக் கிளையில உக்காந்துக்கிட்டு, எங்கயோ பாத்துக்கிட்டு, முன்னாலருந்து ஒவ்வொண்ணா பிடுங்குற. உனக்கே தெரியாது போல. நான் தினமும் பாக்குறேன். இவ இப்படியே பிடுங்கினா தலை மொட்டையாயிடும், என்ன பண்றதுன்னுதான் பூவரசிகிட்டக் கேட்டேன்.”

இலந்தை தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முடி தொடங்கும் இடம் பின்னால் தள்ளிப் போயிருந்தது. முன்பு முடி இருந்த இடத்தில் சொரசொரப்பாகப் புள்ளிகள் தட்டுப்பட்டன.

“தினமும் பாத்தியா?”

“மேல உக்காந்தா வேற என்ன வேலை?”

“கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்.”

“நீதான் வரவே இல்லையே.”

“நீ பல்லக் காட்டுன.”

“ஆமா, காட்டுனேன்” என்றாள் நுணா. “அன்னிக்கு எல்லாருக்கும் காட்டுனேன். எங்க அம்மாவுக்கே காட்டுனேன். பூவரசிய கடிச்சே வச்சுட்டேன். யாரு வந்தாலும் இத தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். எல்லாரும் மறுநாள் திரும்பி வந்தாங்க. நீ மட்டுந்தான் வரல.”

மேலேயிருந்து பூவரசியின் குரல் வந்தது. “கடிச்ச தழும்பு இன்னும் இருக்கு, வேணும்னா காட்டறேன்.”

“நீ சும்மா இருடி” என்றாள் நுணா.

இலந்தை மெல்லத் திரும்பினாள். பாதி நெற்றி தெரிய, பாதி கண் மறைய, நுணாவுக்கு நேராக உட்கார்ந்தாள். நுணா அந்த முகத்தை நெற்றியிலிருந்து மோவாய்வரை பார்த்தாள். எருமையும் மயிலும் அணிலும் பார்க்காத பார்வை அது.

“நல்லா இல்ல, இல்ல?” என்றாள் இலந்தை.

“நல்லா இல்ல” என்றாள் நுணா. பிறகு, “குதிரை மாதிரி வரணும்னு பாத்தியா?” என்று கேட்டாள்.

இலந்தை தலையை ஆட்டினாள். குட்டையான முடி எழுந்து விழுந்தது. நீண்ட முடி கண்ணில் குத்தியது.

இந்தக் கதையின் நீதியை இங்கேயே சொல்லிவிடலாம், இதற்குப் பிறகு அவர்கள் எதுவும் பேசவில்லை: ஒருவர் தன் தலைமுடியைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் கிட்டப் போய் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நுணா வயிற்றிலிருந்து குட்டியைப் பிரித்து எடுத்து இலந்தையின் கையில் கொடுத்தாள். பிறகு இன்னும் நெருங்கி உட்கார்ந்து, இடப்பக்கம் தொங்கிய முடியை விரல்களால் நேராகப் பிடித்து, வலப்பக்கத்தின் அளவு பார்த்து, பல்லால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து வெட்டிவிட்டாள்.